சிகார் பிடிக்க ஆரம்பிக்கணும், எங்கேர்ந்து தொடங்கறது?

நத்தைவேகம் கேட்டது:

வணக்கம் மக்களே. சிகாரை ஒரு ஹாபியா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சிகரெட் பழக்கம் எனக்கு எப்பவுமே இருந்ததில்ல. ஒரு நண்பரோட அப்பப்ப உக்காந்து பேசறது வழக்கம், அவர் ஒரு சிகாரை எடுத்து நிதானமா வெட்டி பத்த வச்சு ஒரு மணி நேரம் ஃபோனையே தொடாம உக்காந்திருக்கறத பாத்து பாத்து எனக்கும் ஆசை வந்துடுச்சு, அதோட எந்த இலை எந்த ஊர்லேர்ந்து வந்தது எப்படி பதம் பண்ணாங்கன்னு அவர் பேசறதே தனி சுவாரஸ்யம். ஆனா அவர் பல வருஷமா பிடிக்கறவர், அவருக்கு பிடிச்சது எல்லாமே ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்போல, அதனால இங்க கேக்கறேன்.

முதல்ல எந்த மாதிரி சிகார் வாங்கணும்? கட்டர், லைட்டர்னு என்னென்ன வேணும், எதெல்லாம் இப்போதைக்கு வேணாம்? புகையை உள்ள இழுக்கக்கூடாதுன்னு சொல்றாங்களே, அப்போ சுவை எப்படி தெரியும்? அப்புறம் முக்கியமா, உள்ள இழுக்கலேன்னா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது நிஜமா? மழுப்பாம சொல்லுங்க ப்ளீஸ்.

புகைவளையம் எழுதியது:

வாங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பாக்ஸா வாங்காதீங்க. ரெண்டு மூணு வெவ்வேற சிகாரை சிங்கிளா வாங்குங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கே இன்னும் தெரியாது, அது தெரியறதுக்கு முன்னாடி 25 பீஸ் ஒரே மாதிரி வாங்கி வைக்கறதுல அர்த்தமே இல்ல.

எதை வாங்கறதுன்னா, கையால சுருட்டினது, லாங் ஃபில்லர்னு போட்டிருக்கறது. அதாவது உள்ள இருக்கற இலை முழு நீளத்துக்கு இருக்கும், துண்டு துண்டா நறுக்கி அடைச்சது இல்ல. நறுக்கின இலைன்னா சீக்கிரம் எரியும், சூடாகும், வாயில துகள் வரும். வெளி இலை கனெக்டிகட் ஷேட்னு இருந்தா ஆரம்பத்துக்கு நல்லது, வயல் மேல துணிப்பந்தல் போட்டு நிழல்ல வளர்க்கற இலை, மெல்லிசா வெளிர் பழுப்பு கலர்ல இருக்கும், பெரும்பாலும் மைல்டா இருக்கும். மகனுடோ, ஆர்துரோ ஃபுயென்டே மாதிரி பிராண்டுகள்ல இந்த வகை ஈஸியா கிடைக்கும்.

சைஸ்ல ரெண்டு நம்பர் பாப்பீங்க. 5 x 50ன்னு போட்டிருந்தா நீளம் 5 இன்ச், 50ங்கறது ரிங் கேஜ், ஒரு இன்ச்சை 64 பங்கா பிரிச்சு அதுல 50 பங்கு குறுக்களவு. இதுதான் ரொபஸ்டோ, முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஓடும். சர்ச்சில்னு 7 x 47 ஒண்ணு இருக்கு, பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா முதல் தடவைக்கு ரொம்ப நீளம், பாதியிலயே தலை சுத்திடும். ரொபஸ்டோ இல்லேன்னா அதைவிட சின்னதா எடுங்க.

வெட்டறது. வாயில வைக்கற பக்கத்துல தொப்பி மாதிரி ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும், அதுக்கு கேப்னு பேரு. வெளிச்சத்துல திருப்பி பாத்தீங்கன்னா அந்த துண்டு முடியற கோடு தெரியும். அந்த கோட்டுக்கு மேல, ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெட்டணும். கோட்டை தாண்டி கீழ வெட்டினா வெளி இலை பிரிஞ்சு வர ஆரம்பிச்சுடும். ரெண்டு பக்கமும் பிளேடு இருக்கற சாதா கட்டர் போதும், தயங்காம ஒரே அழுத்துல வெட்டுங்க, மெதுவா அழுத்தினா நசுங்கும்.

பத்த வைக்கறதுக்கு பியூட்டேன் கேஸ் லைட்டர், இல்லேன்னா நீளமான மரத்தீக்குச்சி. பெட்ரோல் ஊத்தற லைட்டர் வேணவே வேணாம், அந்த வாசனை இலையில ஏறிடும். தீக்குச்சின்னா மருந்து முழுசா எரிஞ்சு முடிஞ்சதும் கிட்ட கொண்டு போங்க. நுனியை நெருப்புக்குள்ள விடாதீங்க, நெருப்புக்கு கொஞ்சம் மேல பிடிச்சு சுத்திக்கிட்டே இருங்க, ஓரம் கறுத்து லேசா செவக்க ஆரம்பிக்கும், அதுக்கப்புறம்தான் வாயில வச்சு சுத்திக்கிட்டே மெதுவா இழுக்கணும். பத்தினப்புறம் நுனியை உங்க பக்கம் திருப்பி ஒரு தடவை ஊதி பாருங்க, எந்த இடம் செவக்கலயோ அங்க மட்டும் திரும்ப நெருப்பு காட்டுங்க. இந்த ஒரு நிமிஷத்தை ஒழுங்கா செஞ்சா பிற்பாடு ஒரு பக்கமா எரியற தொல்லை பாதி குறையும்.

இழுக்கறது வாய்க்குள்ள மட்டும். புகை நாக்கு மேல தங்கி வெளிய போகும்போதே சுவை தெரியும். பழகினப்புறம் கொஞ்சூண்டு புகையை மூக்கு வழியா விடுவாங்க, ரெட்ரோஹேல்னு சொல்லுவாங்க, நுரையீரலுக்கு போகாம வாயிலேர்ந்து நேரா மூக்குக்கு. மணம் எல்லாம் அதுலதான் தெரியும். இப்போ அவசரம் இல்ல. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதுக்கு மேல வேணாம். ரயில் இன்ஜின் மாதிரி விடாம இழுத்தா சூடேறி கசக்கும், அப்புறம் அந்த சிகாரை காப்பாத்த முடியாது.

வெறும் வயித்துல மட்டும் பிடிக்காதீங்க. நிக்கோட்டின் ஏறினா வேர்க்கும், குமட்டும், கை நடுங்கும். அப்படி ஆனா உடனே கீழ வச்சுட்டு இனிப்பா ஏதாவது சாப்பிட்டு தண்ணி குடிச்சு உக்காந்துடுங்க. மீதி இருக்கேன்னு முடிக்க பாக்காதீங்க.

பல்கவனம் எழுதியது:

கடைசி கேள்விக்கு நான் பதில் சொல்றேன், வேலையே பல் ஆஸ்பத்திரியிலதான். "உள்ள இழுக்கலேன்னா ஒண்ணும் ஆகாது"ங்கறது உண்மை இல்ல.

காரணம் சொல்றேன். சிகரெட் புகை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால அதுல இருக்கற நிக்கோட்டின் வாய் வழியா சரியா ஏறாது, நுரையீரலுக்கு போனாதான் ஏறும். சிகார் இலையை பதம் பண்ற விதத்துல அதோட புகைக்கு காரத்தன்மை வந்துடுது, அப்போ நிக்கோட்டின் கன்னத்தோட உள்தோல் வழியாவே ரத்தத்துல கலந்துடும். மேல நண்பர் சொன்ன குமட்டல், வேர்வை எல்லாம் உள்ள இழுக்காமலே வர்றது இதனாலதான். ஒரு பெரிய சிகார்ல ஒரு பாக்கெட் சிகரெட்ல இருக்கற அளவுக்கு புகையிலை இருக்கலாம். அடிமையாக்கற பொருள் அதேதான், வழி மட்டும் வேற.

1998லயே அமெரிக்காவோட தேசிய புற்றுநோய் நிறுவனம் சிகாரை பத்தி மட்டும் தனியா ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க. தினமும் பிடிக்கறவங்களுக்கு வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய் வர்ற ஆபத்து கூடுதுன்னு அதுல தெளிவா இருக்கு. உள்ள இழுக்காதவங்களுக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட் அளவுக்கு இல்ல, ஆனா வாய், உணவுக்குழாய்க்கு அந்த சலுகை கிடையாது, புகை அங்கதானே தங்குது. அதைவிட குறைச்சலா பிடிக்கறவங்களுக்கு ஆபத்தும் குறைவு, ஆனா பூஜ்யம் இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கும் ஒரு மணி நேர புகை போகுது, குழந்தைங்க இருக்கற வீட்டுக்குள்ள பத்த வைக்கவே கூடாது.

ஏற்கனவே எந்த புகையிலை பழக்கமும் இல்லாதவர் நீங்க. என்னை கேட்டா ஆரம்பிக்காதீங்கன்னுதான் சொல்லுவேன், நல்ல எண்ணத்துலதான் சொல்றேன். அந்த ஃபோன் இல்லாத ஒரு மணி நேரம் உங்களுக்கு சிகார் இல்லாமலும் கிடைக்கும். இல்ல, ஆரம்பிச்சே தீருவேன்னா, கண்ணாடியில அப்பப்ப வாயை திறந்து பாருங்க. நாக்கு ஓரம், கன்னத்தோட உள்பக்கம், நாக்குக்கு அடியில. துடைச்சா போகாத வெள்ளை திட்டு, செவப்பு திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண் எது இருந்தாலும் வலிக்கலயேன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட போங்க. ஆரம்பத்துல வலிக்காது, அதுதான் பிரச்சனையே.

இலைப்பித்தன் எழுதியது:

பல்கவனம் சொன்னது மொத்தமும் சரி, அதை படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. என்னைப்போல எப்பவாவது ஒண்ணு பிடிக்கறவங்களும் அதை தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான் பிடிக்கணும்.

நீங்க இலையை பத்தி ஆர்வம்னு சொன்னதால கொஞ்சம் எழுதறேன். சிகார்ல மூணு அடுக்கு. உள்ள ஃபில்லர், அதை சுத்தி பிடிச்சு வைக்கற பைண்டர், வெளிய அழகுக்கும் சுவைக்கும் ராப்பர். ஃபில்லர்லயே செடியோட எந்த உயரத்து இலைங்கறது முக்கியம். உச்சியில வெயில் நேரா படற இலை லிஹேரோ, தடியா எண்ணெய்ப்பசையா இருக்கும், காரம் அதுலதான், மெதுவாத்தான் எரியும், அதனால சுருட்டறவங்க அதை நட்ட நடுவுல வைப்பாங்க. நடு உயரத்து இலை செக்கோ, மணத்துக்கு. அடியில இருக்கறது வொலாடோ, காரம் கம்மி, நல்லா எரியறதுக்காக சேக்கறது. இந்த கலவைதான் ஒரு சிகாரோட குணத்தை தீர்மானிக்குது.

இங்கதான் புதுசா வர்றவங்க நிறைய பேருக்கு குழப்பம் வரும். ராப்பர் கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்லவே இல்ல. மடுரோன்னு சொல்ற கறுத்த இலை அதிக சூட்டுல அதிக நாள் ஃபெர்மென்ட் பண்ணினது, பல சமயம் வெளிர் இலையைவிட இனிப்பா, மிருதுவா இருக்கும். சுவை எவ்வளவு அடர்த்திங்கறது வேற, நிக்கோட்டின் எவ்வளவு ஏறுதுங்கறது வேற. ரெண்டையும் தனித்தனியா கேட்டு வாங்குங்க.

ஃபெர்மென்டேஷன்னா காய்ஞ்ச இலையை ஆள் உயரத்துக்கு அடுக்கி வச்சுடுவாங்க, பிலோன்னு பேரு. ஈரமும் எடையும் சேந்து உள்ள தானா சூடேறும், நடுவுல சூட்டை அளந்துக்கிட்டே இருப்பாங்க, அளவு தாண்டறதுக்குள்ள பிரிச்சு உள்ள இருந்ததை வெளியவும் வெளிய இருந்ததை உள்ளவும் மாத்தி அடுக்குவாங்க. இதுல அம்மோனியா வெளிய போயிடும். சில சிகார் பத்த வச்சதும் மூக்குல சுருக்குனு ஒரு நெடி அடிக்கும் பாருங்க, அது இந்த வேலையில அவசரப்பட்டதோட அடையாளம். அந்த சிகாரை நான் பாதியில கீழ வச்சுடுவேன்.

அப்புறம் கியூபா கியூபான்னு யாராவது ஆரம்பிப்பாங்க. அங்க வுயெல்டா அபாஹோங்கற பகுதி மண்ணுல விளையற இலை அருமைதான், மறுக்கல. ஆனா நிகராகுவாவோட எஸ்தெலி, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ் எல்லாத்துலேர்ந்தும் இன்னைக்கு வர்ற சிகார் எதுக்கும் குறைஞ்சது இல்ல. கியூபாவுல புரட்சிக்கு அப்புறம் தொழிற்சாலைகளை அரசு எடுத்துக்கிட்டதும் நிறைய குடும்பங்க விதையோடயும் அனுபவத்தோடயும் இந்த ஊர்களுக்குத்தான் போய் சேந்தாங்க. 1962லேர்ந்து அமெரிக்கா தடை போட்டதால அந்த பேருக்கு ஒரு மவுசு, அந்த மவுசால போலியும் எக்கச்சக்கம். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில, பேர் போன கியூபா பிராண்டான கோஹிபான்னு யாராவது நீட்டினா போலிதான், யோசிக்கவே வேணாம்.

நத்தைவேகம் எழுதியது:

எல்லாருக்கும் மனசார நன்றி. பல்கவனம் அக்கா எழுதினதை வீட்லயும் படிச்சு காட்டினேன். எப்பவாவது ஒண்ணு, நண்பரோட வெளிய உக்காந்து மட்டும், வீட்டுக்குள்ள இல்லவே இல்லன்னு முடிவு. ரெண்டு சந்தேகம் இன்னும் இருக்கு. எப்பவாவதுதான்னா வாங்கினதை எப்படி பத்திரமா வைக்கறது, ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? இன்னொண்ணு, நண்பரோட சிகார் ஒண்ணு அன்னைக்கு இழுக்கவே வரல, கன்னம் வலிச்சதுதான் மிச்சம்னார், அது ஏன்?

ஈரப்பதம்65 எழுதியது:

ஃப்ரிட்ஜ் வேணாம். காய்ஞ்சு போயிடும், போதாததுக்கு உள்ள இருக்கற எல்லா வாசனையும் ஏறிடும்.

தேக்கு கலர்ல பளபளன்னு ஹ்யூமிடார், அதாவது சிகாரை ஈரப்பதம் மாறாம வைக்கற மரப்பெட்டி, பாத்து ஆசைப்படுவீங்க, இப்போ வேணாம். காத்து புகாத மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து நல்லா கழுவி வாசனை போற வரைக்கும் காய வச்சு, அதுல ஒரு ஹ்யூமிடிட்டி பேக் போடுங்க, போவேடா மாதிரி. ஈரம் அதிகமானா உறிஞ்சிக்கும், குறைஞ்சா விடும். எத்தனை சதவீத ஈரப்பதத்துல வைக்கும்னு அது மேல ஒரு நம்பர் போட்டிருக்கும், 65 இல்ல 69 எடுங்க. அவ்வளவுதான், பேக் விறைச்சு கல்லு மாதிரி ஆனா மாத்துங்க. மரப்பெட்டி வாங்கினா முதல்ல அந்த மரத்துக்கே ஈரம் ஏத்தணும், அதுக்கு 84 நம்பர் பேக் போட்டு ரெண்டு வாரம் மூடி வைக்கணும், இல்லேன்னா உங்க சிகார்ல இருக்கற ஈரத்தை மரம் குடிச்சுடும்.

ஈரப்பதத்தை அளக்கற ஹைக்ரோமீட்டர் வச்சிருந்தா அது சொல்றதை அப்படியே நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடியில உப்பு போட்டு, கூழ் மாதிரி ஆகற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில போட்டு ராத்திரி முழுக்க வைங்க. காலையில 75 காட்டணும். 71 காட்டினா உங்க மீட்டர் 4 குறைச்சு காட்டுதுன்னு கணக்கு வச்சுக்குங்க.

ஈரத்தைவிட சூடு எனக்கு பயம். புகையிலை வண்டுன்னு ஒண்ணு இருக்கு, முட்டை இலையிலயே இருக்கலாம், 24 டிகிரிக்கு மேல போக போக அது பொரியற வாய்ப்பு கூடிடும். குண்டூசி குத்தின மாதிரி சின்ன ஓட்டையும் பக்கத்துல பொடியும் பாத்தா அதுதான். உடனே மத்ததையெல்லாம் பிரிச்சு, காத்து இல்லாம பையில கட்டி ஃப்ரீசர்ல மூணு நாள், அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜ், அதுக்கப்புறம்தான் வெளிய. நேரா வெளிய எடுத்தா இலை வெடிக்கும்.

புகைவளையம் எழுதியது:

இழுக்க வராததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு சுருட்டும்போதே இலை முறுக்கி நெருக்கமா போயிருக்கும், இன்னொண்ணு ஈரம் அதிகமாகி இலை ஊதியிருக்கும். அதனாலதான் வெட்டினதும் பத்த வைக்கறதுக்கு முன்னாடி வெறுமனே ஒரு தடவை இழுத்து பாக்க சொல்றது. காத்து தாராளமா வரணும். வரலேன்னா இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெட்டி பாருங்க, அப்பவும் வரலேன்னா விரலால நீளவாக்குல மெதுவா அமுக்கிக்கிட்டே போங்க, எங்கேயாவது முடிச்சு மாதிரி கெட்டியா தட்டுப்படும், அந்த இடத்தை லேசா உருட்டி விடுங்க. அழுத்தினா ராப்பர் கிழியும்.

நடுவுல அணைஞ்சா பதறாதீங்க, சாம்பலை தட்டிட்டு சிகார் வழியா வெளிப்பக்கமா ஒரு தடவை ஊதிட்டு திரும்ப பத்த வைங்க. கொஞ்ச நேரத்துக்குள்ளன்னா சுவை கெடாது, மறுநாளைக்கு எடுத்து வச்சா கசக்கும். சாம்பல் ஒரு இன்ச் வரைக்கும் நிக்கட்டும், மேல விழாம தட்டுல வச்சு உருட்டி விடுங்க. காகித பேண்டை கழட்டணும்னா சூடு அது வரைக்கும் வந்து பசை இளகினப்புறம் கழட்டுங்க, முன்னாடியே இழுத்தா ராப்பரும் சேந்து வரும். முடிச்சதும் சிகரெட் மாதிரி நசுக்கி அணைக்காதீங்க, நாத்தம் தாங்காது, ஆஷ்ட்ரேயில அப்படியே வச்சா தானா அணைஞ்சுடும்.

நண்பர்கிட்ட சொல்லுங்க, அடுத்ததும் அதே மாதிரி அடைச்சா அவர் பெட்டியே ஈரமா இருக்கு. 62 பேக் போட்டு ரெண்டு மூணு வாரம் திறக்காம வச்சுட்டு அப்புறம் ஒண்ணு எடுத்து பாக்கட்டும்.