பிரட்றிக் கோட்டை வாசல் கல்வெட்டைப் படம் எடுப்பது எப்படி?

மூதூரான்:
பாடசாலைக் கண்காட்சிக்குத் திருகோணமலையின் பிரட்றிக் கோட்டை பற்றிப் பதாகை செய்கிறோம். வாசல் கல்லில் உள்ள இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் போன் படத்தில் வெறுங்கல்லாக வருகின்றன. சோக்கால் எழுத்தை நிரப்பலாமா? விளக்கத்தில் "குளக்கோட்டன் கல்வெட்டு, ஒல்லாந்தர் கட்டிய கோட்டை" என்று போட்டால் சரிதானே?

சாய்வெளிச்சம்:
சோக்கு வேண்டவே வேண்டாம். தேய்ந்த கல்லில் எது எழுத்து, எது வெடிப்பு என்று நிரப்புகிறவரே முடிவுகட்டிவிடுகிறார். துகளும் துளைகளில் தங்கிவிடும். எண்ணெய், மா பூசுவதும் அப்படித்தான்.

பிளாஷ் நேரே அடிப்பதால் நிழல் விழாது, அதனால்தான் எழுத்து மறைகிறது. அதை நிறுத்திவிட்டுத் தனி ரோச்சைப் பக்கவாட்டில், கல்லின் முகத்துக்கு 10–15 பாகை சாய்வில், ஒரு மீற்றராவது தள்ளிப் பிடியுங்கள். கிட்டப் பிடித்தால் ஒரு பக்கம் வெளிறிப்போகும். பகலில் கறுப்புக் குடையால் கல்லை மறைத்தால்தான் ரோச் எடுபடும்.

வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு தெரியாது. இடப்பக்கத்து வெளிச்சத்தில் 'ப'வின் நின்ற கோடுகள் எழும்பும், அடிக்கோடு காணாமற்போகும். ஆகவே போனை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். அளவு தெரிய அடிமட்டம் ஒன்றைக் கல்லை ஒட்டியே வையுங்கள்.

கயல்மீன்:
விளக்கத்தை மாற்றுங்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்பதுதான் வாசகம். குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் பழைய மன்னன், பறங்கி என்பது பின்னால் வந்த போர்த்துக்கேயர். குளக்கோட்டனை 'முன்னே' என்று சொல்லிப் பறங்கியையும் பேசுகிற கல்லை அவனே வெட்டியிருக்க முடியாது. கல்லில் எழுத்துகள் சிதைந்தே நிற்கின்றன. மிச்சம் செவிவழிப் பாடல். இரண்டையும் வேறு நிறத்தில் அச்சிடுங்கள். கயலைப் பாண்டியர் சின்னம் என்று எழுதலாம். வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது.

கோட்டையை முதலில் எழுப்பியவர் போர்த்துக்கேயர், 1624இல், இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டே. ஒல்லாந்தர் 1639இல் பிடித்தார்கள், பிறகுதான் திருத்திக் கட்டினார்கள். ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1795. 'பிரட்றிக்' என்ற பெயர் 1803இல்.

மூதூரான்:
நன்றி அண்ணை. மைப்படி (எழுத்தை மையால் தாளில் பதித்தெடுப்பது) எடுத்தால் இன்னும் தெளிவாக வருமா?

சாய்வெளிச்சம்:
வரும், ஆனால் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடிக்கிற வேலை அது. தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. படத்துக்கும், உள்ளே இராணுவ முகாம் இருப்பதால், முக்காலி விரிக்கமுன் காவலில் கேளுங்கள். கோயிலுக்குப் போகும் வாகனங்களும் அந்த ஒடுங்கிய வாசலால்தான் நுழையும். வெள்ளிக்கிழமை வேண்டாம்.