மறு: மறு: சொல் வேண்டும் – ஸ்னோமேக்கிங், டிடாச்சபிள் லிஃப்ட், இரண்டு வகை நெரிசல்

ச. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

மொழிபெயர்த்துவரும் வரிசைக் கோட்பாட்டுப் பாடநூலில் (காத்து நிற்கும் வரிசைகளைக் கணக்கிடும் துறை) ஓர் இயல் முழுக்கப் பனிச்சறுக்குத் தலத்தை வைத்தே நெரிசலை விளக்குகிறது. வெள்ளிக்கிழமை மெய்ப்பு போகிறது. மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஸ்னோமேக்கிங்குக்கு, அதாவது எந்திரத்தால் பனி செய்து சரிவில் போடுவதற்கு, இப்போதைக்குச் 'செயற்கைப் பனிப்பொழிவு' என்று போட்டிருக்கிறது. டிடாச்சபிள் நாற்காலி லிஃப்டுக்கு, அதாவது நிலையத்தில் நாற்காலி வடத்தை விட்டு மெதுவாகும் வகைக்கு, 'கழல்பிடி நாற்காலி'. மூலத்தில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் கூட்டத்துக்கு ஒரு சொல், சரிவில் சறுக்கும் கூட்டத்துக்கு இன்னொரு சொல். வரைவில் இரண்டும் 'நெரிசல்' ஆகி, "லிஃப்டை மாற்றியதால் நெரிசல் குறைந்தது, அதனாலேயே நெரிசல் கூடியது" என்று ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. மாணவர் சிரிப்பார்கள்.

வே. எழுதியது:

'செயற்கை' வேண்டா. படப்பிடிப்பில் தூவுகிறார்களே நுரை, காகிதத் தூள், அதுதான் செயற்கைப் பனி. இது உருகினால் தண்ணீராகும் மெய்ப்பனி. ஆள் செய்தது, அவ்வளவே. நம்மிடம் செய்குன்று, ஆள் கட்டிய குன்று, இருக்கிறது. அதே வாய்பாட்டில் 'செய்பனி' என்க. வினைத்தொகை, செய்த, செய்கின்ற, செய்யும் மூன்றும் அடங்கும். ஒற்றுத் தொல்லையும் இல்லை.

அடிப்படைக் கோளாறு 'பனி'யிலேயே இருக்கிறது. முன்பனி, பின்பனி என்று பொழுது வகுத்தவர்கள் கண்டது புல்நுனித் துளியை. வானிலிருந்து உறைந்து விழுவதற்கு நம் பழஞ்சொல் 'ஆலி'. ஆலங்கட்டியின் ஆலி. எனவே முறையாகச் சொன்னால் 'செய்யாலி'.

மீ. எழுதியது:

வே. ஐயா, 'செய்யாலி' என்றால் சலவை எந்திரத்தின் பெயர் போல இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்ததைவிட அதில் நியாயம் இருக்கிறது. இயற்கைப் பனி நீராவியிலிருந்து நேரே படிகமாக வளர்வது; ஆறு கை விரிந்த பூ. எந்திரத்தில் வருவது, தண்ணீர்த்துளி வெளியிலிருந்து உள்ளே உறைந்த உருண்டை. அதனால்தான் இறுக்கமாக அமர்கிறது. புதுப் பனி ஒரு கன மீட்டர் நூறு கிலோவோ அதற்கும் குறைவோ. இது 400 முதல் 500 கிலோ. நாள் முழுக்க ஆள் சறுக்கினாலும் தாங்கும். ஆனால் மேல்பொருக்கு வழித்தெடுக்கப்பட்டால் பிற்பகலில் கண்ணாடியாகிவிடும்.

'பொழிவு' என்பதை மட்டும் கட்டாயம் எடுங்கள் ச. பொழிவது வானத்தின் வேலை. இங்கே நடப்பது தண்ணீர்க் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும். அதற்குச் சுமார் 1,200 முதல் 1,500 கன மீட்டர் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றும். அதைக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் சாதாரண வெப்பமானியைப் பார்த்துப் பயனில்லை, ஈரக்குமிழ் வெப்பநிலைதான் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) கணக்கு. அது சுமார் −2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க வேண்டும். காற்று நன்றாக வறண்டிருந்தால் வெப்பமானி +2 காட்டும்போதும் பனி செய்யலாம். ஈரம் நிறைந்த −1 டிகிரியில் எந்திரத்தை ஓட்டினால் சேறுதான்.

த. எழுதியது:

குளிர்நாடுகளில் வாழும் தமிழர் 'ஸ்னோ கொட்டுது' என்றுதான் கதைக்கினம். 'செய்பனி'யைக் காதால் கேட்டால் 'செய்பணி' என்றே விளங்கும். ஒலிப்பாடமாக வந்தால் மாணவர் "செய்பணி போதாததால் சரிவுகள் மூடப்பட்டன" என்று கேட்டு, ஆள் பற்றாக்குறை என்று எழுதி வைப்பர். 'பனியாக்கம்' போதுமே?

இன்னொன்று. நாற்காலி என்றால் நாலு கால். லிஃப்டில் தொங்குவதற்கு ஒரு காலும் இல்லை. எங்கள் வழக்கில் கதிரை. அதற்குக் கால் கணக்கு இல்லை.

வே. எழுதியது:

கதிரை போர்த்துகீசியம். காலில்லாத நாற்காலியை விரட்டக் கடல் தாண்டி வந்த கதிரையா? 'இருக்கை' இருக்கிறது.

லிஃப்டுக்கு 'ஏற்றம்' என்றே வைக்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. நீரைக் கீழிருந்து மேலேற்றிய கருவி அது. ஆளை ஏற்றினால் மட்டும் பெயர் மாறுவானேன்?

மீ. எழுதியது:

ஏனென்றால் 'ஏற்றத்தில் ஏற்றத்திறன் ஏற்றம்' என்று எழுத நேரும், ஐயா. லிஃப்ட் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் 'கழல்பிடி'யைப் பார்த்துத்தான். பல்லும் ஆணியும் கழன்று விழும். வடத்தில் ஆள் தொங்கும்போது நாற்காலி கழன்றுவிடும் என்று படிக்கிறவர் நினைப்பார். நடப்பது வேறு. வழி நெடுக வில்லின் அழுத்தத்தில் பிடி வடத்தை இறுகக் கவ்வியிருக்கும். நிலையத்துக்குள் வந்ததும் ஒரு வழிகாட்டித் தண்டவாளம் பிடியின் நெம்புகோலை அழுத்தித் திறக்கும். வரிசையாக நிற்கும் ரப்பர் சக்கரங்கள் நாற்காலியை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு மெதுவாக்கும். ஆள் ஏறியதும் அதே சக்கரங்கள் வடத்தின் வேகத்துக்குத் தள்ளிவிட, பிடி மறுபடி கவ்வும். 'விடுபிடி' என்றால் விடுவதும் பிடிப்பதும் இரண்டுமே சொல்லில் வந்துவிடும். விடாத பழைய வகைக்கு 'நிலைபிடி'.

வே. எழுதியது:

பிடி என்பது பெண்யானை. விடுபிடி, கட்டவிழ்த்துவிட்ட பெண்யானை. குறிப்புக்காக மட்டும் சொன்னேன்.

ச. எழுதியது:

யானையை மெய்ப்பில் சேர்க்கவில்லை, ஐயா. மூன்றாவது சிக்கலுக்கு யாரும் வரவில்லையே? மூலத்தின் வாதத்துக்கே அதுதான் உயிர். வேகமான லிஃப்ட் போட்டால் கூட்டம் குறையும் என்ற எதிர்பார்ப்பை மறுக்கத்தான் அந்த இயலே எழுதப்பட்டிருக்கிறது.

மீ. எழுதியது:

கணக்கைப் போட்டுவிட்டால் சொல் தானே வரும். லிஃப்ட் 1,500 மீட்டர், நாலு பேர் இருக்கை, ஆறு நொடிக்கு ஓர் இருக்கை என்று கொள்ளுங்கள். மணிக்கு 2,400 பேர். நிலைபிடி நொடிக்கு 2.5 மீட்டர் போகும்; பயணம் பத்து நிமிடம்; இருக்கைகள் 15 மீட்டர் இடைவெளி; எந்த நேரமும் 400 பேர் அந்தரத்தில் தொங்குவார்கள். விடுபிடி நொடிக்கு 5 மீட்டர், ஐந்து நிமிடம், இடைவெளி 30 மீட்டர், தொங்குவது 200 பேர். மணிக்கு ஏற்றுவது அதே 2,400. வேகம் இரட்டித்தும் ஒருவர்கூடக் கூடுதலாக மேலே போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த மீதி 200 பேர் எங்கே? காத்து நிற்கும் வரிசையில். வேகமான லிஃப்ட் என்று பக்கத்து லிஃப்டுக்காரர்களும் வந்து சேர்வார்கள். வரிசை இன்னும் நீளும்.

இடைவெளியைக் குறைத்தோ ஆறு பேர் இருக்கை போட்டோ 3,600 ஆக்கினால் வரிசை கரையும், ஆனால் அத்தனை பேரும் சரிவில் இறங்குவார்கள். இரண்டு தடங்கள் கூடும் கழுத்தில் முட்டும். அங்கேதான் செய்பனி நுழைகிறது. பருவத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடத்தில்தான் பனி போட்டிருப்பார்கள். புதுப் பெரிய லிஃப்ட் மொத்தக் கூட்டத்தையும் அந்த ஒற்றை வெள்ளை நாடாவில் கொட்டும். லிஃப்டுக்கு மட்டும் பணம் போட்டு, குழாய்க்கும் தண்ணீர்த் தேக்கத்துக்கும் போடாத தலத்தின் கதி இது.

ஆகவே 'வரிசை நெரிசல்', 'சரிவு நெரிசல்'. ச.வின் வாக்கியம் "வரிசை நெரிசல் குறைந்தது; அதனாலேயே சரிவு நெரிசல் கூடியது" என்றாகும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

த. எழுதியது:

மீ. அக்கா, நீங்களே 'செய்பனி' எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

மீ. எழுதியது:

கை பழகிவிட்டது. பொருளுக்குச் செய்பனி, தொழிலுக்குப் பனியாக்கம் என்று பிரித்துக்கொள்ளலாமே. தெளிக்கும் எந்திரத்துக்குப் 'பனிபீச்சி'?

வே. எழுதியது:

பனியைப் பீச்சுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது, பனிபீச்சி சரி. இதே விதிப்படி பூச்சிகொல்லிதான் சரி, ஊரெல்லாம் பூச்சிக்கொல்லி என்று எழுதுகிறது. இதைப் பற்றி முன்பே இக்குழுவில்

ச. எழுதியது:

ஐயா, பூச்சிக்கு இன்னொரு இழை திறப்போம். எந்திரம் பீச்சுவது தண்ணீரை, பறக்கும்போதுதான் பனியாகிறது. ஆதலால் 'பனியாக்கி' என்று போட்டுவிட்டேன். செய்பனி, பனியாக்கம், பனியாக்கி, விடுபிடி லிஃப்ட், நிலைபிடி லிஃப்ட், வரிசை நெரிசல், சரிவு நெரிசல். நாற்காலி எல்லாம் இருக்கை ஆனது. மெய்ப்பு இன்றிரவு போகிறது.

த. எழுதியது:

செய்பனிக்கு என் மறுப்பு நிற்கிறது. குறைந்தது முதல் இடத்தில் 'றன்னகரம்' (ண அல்ல, ன) என்று அடிக்குறிப்பு போடுங்கோ.

வே. எழுதியது:

ஆலிக்கு என் வாக்கும் நிற்கிறது. அவசரம் பதிப்பகத்துக்குத்தான், தமிழுக்கு இல்லை. பூச்சிகொல்லி இழையைத் தொடங்கிவிட்டேன்.