கார்பன் சட்டம் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் சின்னதா ஒரு மில்லு ஓட்டறமுங்க. நேத்து பார்ட்டி ஒருத்தரு போன்ல கூப்ட்டு வருசத்துக்கு எவ்ளோ கார்பன் வருதுன்னு கணக்கு குடுங்கறாரு, எனக்கு தலையும் புரியல வாலும் புரியல, நூலு கணக்கு கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவனுங்க.

தேடிப் பாத்ததுல 2001 எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை 2022ல திருத்திருக்காங்க, 2023ல கார்பன் கிரெடிட் டிரேடிங் ஸ்கீம்னு (கார்பன் குறைச்சதுக்கு குடுக்கற சர்டிபிகேட்டை வாங்கி விக்கற திட்டமுங்க) ஒண்ணு வந்திருக்குது, ஒரு சர்டிபிகேட்டுன்னா ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைச்சதுக்கு சமம்ங்கறாங்க, டெக்ஸ்டைலும் லிஸ்ட்ல இருக்குதுங்க. பெரிய மில்லுக்கு சரி, நம்மள மாதிரி ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் இது வருமாங்ணா?

இன்னொண்ணு, ஈபி பில்லு, ஜெனரேட்டர் டீசலு ரெண்டுக்கும் கணக்கு வெச்சிருக்கறனுங்க. ஆனா உடுமலைப் பக்கம் பங்குக்கு கரண்ட் எடுக்கற காத்தாடி ஒண்ணு இருக்குது, அந்த கரண்ட் யூனிட்டை கழிச்சுக்கலாமா கூடாதா? ஆடிட்டரு கேட்டா சிரிக்கறாரு. ஐரோப்பாக்காரன் போடற கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமெண்ட் மாதிரி ஐட்டத்துக்குத் தானாமா, துணிக்கு இல்லையாமா, அப்பறம் எதுக்கு அந்த பார்ட்டி அவசரப்படறாருன்னே தெரியல.

கோயமுத்தூரு, திருப்பூர்ல இந்த கணக்கை போட்டுக் குடுத்தவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. வர்ற திங்கக்கிழமைக்குள்ள குடுக்கோணுமுங்க.