ஏரிக்கரை நடைபாதையா, ஆகாயத்தாமரையா: எதை முதலில் எடுப்பது?

கேள்வி (மலையடிவாரவாசி):
வணக்கம். சேலத்தின் வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு சிறிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் பூங்கா அமைத்துப் பராமரித்துவரும் எங்கள் குழு, ஞாயிறுதோறும் குப்பை பொறுக்குவது, செடிகளுக்கு நீர் விடுவது என்று ஓரளவு ஒழுங்காகவே இயங்குகிறது. இப்போது கையில் கொஞ்சம் நன்கொடைப் பணம் சேர்ந்திருக்கிறது. கரையை ஏரிப் பக்கமாகச் சற்று அகலப்படுத்தி, சிமெண்ட் கல் பதித்து நடைபாதை போடலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆகாயத்தாமரையை ஒழித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார்கள் மறு சாரார். ஒவ்வோர் ஆண்டும் பொக்லைன் வைத்து அள்ளினாலும், அடுத்த மழைக்குள் அது தண்ணீரே தெரியாதபடி மூடிக்கொள்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (வாய்க்கால்காரர்):
இரண்டுக்கும் முன்னால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை, ஏரியின் வாயிலிருந்து மலைப்பக்கம் வரை ஒரு முறை நடந்தே பார்த்துவிடுங்கள். ஆகாயத்தாமரைக்கு உரம் சாக்கடை நீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். எந்தத் தெருவின் கழிவுநீர் வாய்க்காலில் விழுகிறது என்று கண்டுபிடித்துத் திருப்பாதவரை, நீங்கள் அள்ளுவது அறுவடை போலத்தான், மறுபடியும் விளையும். செடியை ஒடித்துப் பார்த்தால் காம்பு பஞ்சு போலக் காற்றடைத்திருப்பது தெரியும். அறுந்த துண்டு மிதந்துபோய் வேறிடத்தில் வேர் விட்டுவிடும் என்பதால், பொக்லைன் அள்ளிய பிறகு ஓரத்தில் சிதறியவற்றைக் கையால் பொறுக்குவதே முக்கியமான வேலை. விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே பூப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி, அந்தச் சத்து மழையோடு ஏரிக்கே திரும்பும். தள்ளிக் கொண்டுபோய் மட்கவையுங்கள்.

பதில் 2 (மரம் நடுபவர்):
ஏரிப் பக்கமாகக் கரையை அகலப்படுத்துவதை நான் ஒப்பவில்லை. ஓர் அடி நடைபாதை என்றாலும் அது ஏரி கொள்ளும் தண்ணீரிலிருந்து எடுத்ததுதான். சிமெண்ட் கல்லின் வெக்கையில் பகல் முழுக்க அங்கே யாரும் நடக்கவும் போவதில்லை. மண் பாதையே போதும்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு செய்ததைப் போய்ப் பாருங்கள். தூர் வாரிய மண்ணை வெளியேற்றாமல் ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். நாய்களும் ஆட்களும் எளிதில் எட்டாத அந்தத் தீவுகள் நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமாயின. சிறிய ஏரிக்கு அத்தனை தீவுகள் தாங்காது, ஒன்றிரண்டு போதும். மரம் நடும்போது கரையின் மேல் ஆழமாக வேரோடும் பெருமரங்களை வைக்காதீர்கள். மரம் பட்டுப்போனால் மட்கிய வேர் விட்டுப்போன துளை வழியே நீர் கசிந்து கரை உடையும். முன்னோர் கரையில் பனை வைத்ததற்கு அதன் சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். நீர்மருதையும் நாவலையும் கரைக்கு வெளியே, ஈரம் கிடைக்கும் தாழ்வான இடத்தில் வைக்கலாம். யாராவது இலவசமாகக் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தின் கன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பதில் 3 (நில அளவை தெரிந்தவர்):
ஏரி யாருடையது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஊராட்சிப் பகுதியில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரிநீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கரையைத் தொட்டால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது ஆக்கிரமிப்பாகவே பார்க்கப்படலாம். கிராம வரைபடத்தையும், ஊரின் நிலங்களைச் சர்வே எண்வாரியாகக் குறிக்கும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, ஏரியோடு வாய்க்காலும் அளந்து கல் நடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சுருங்கிப்போவது வாய்க்கால்தான். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கோடியையும் பார்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நடைபாதைக்காரர்களிடம் இதைக் காட்டுகிறேன். வாய்க்காலை எப்போது நடந்து பார்ப்பது நல்லது?

பதில் 1 (வாய்க்கால்காரர்):
ஒரு முறை கோடையில் நடந்து பாருங்கள். மழையே இல்லாத நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்க வேண்டியதே இல்லை. குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் மற்றொரு முறை போய், மலைத்தண்ணீர் எங்கே தடைபட்டுத் தெருவுக்குள் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். படம் எடுத்து, சர்வே எண்ணோடு மனு கொடுங்கள்.