காருக்கு சன் ஃபிலிம்: வேலூர் வெயிலுக்குக் கார்பன் போதுமா, செராமிக் வேண்டுமா?

காட்பாடிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக இராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவதால் இரு வேளையும் வெயில் எதிரிலேயே நிற்கிறது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது ஏ.சி.யை முழுதாக வைத்தாலும் பின்னிருக்கையில் சூடு தணிவதில்லை. கடைகளில் சாதாரண ஃபிலிம், மெட்டல், கார்பன், செராமிக் என்று நான்கு வகைகளைக் காட்டுகிறார்கள். செராமிக் 95 விழுக்காடு வெப்பத்தைத் தடுக்கும் என்று ஒரு கடையில் உறுதியாகச் சொன்னார்கள். விலைக்கேற்ற பயன் அதில் உண்டா? அபராதத்துக்கு இடமில்லாமல் எதை ஒட்டலாம்?

ஆற்காடு ஃபிட்டர்:

ஐயா, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதாரண ஃபிலிம் என்பது சாயம் ஏற்றிய பாலியெஸ்டர். அது கூச்சத்தைக் குறைக்கும். வெப்பத்தைப் பெரிதாகக் குறைக்காது. நம் ஊர் வெயிலில் நாளடைவில் சாயம் வெளுத்து ஊதா நிறமாக மாறிவிடும். மெட்டல் ஃபிலிம் வெப்பத்தை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆனால் உலோகப் படிவு வானொலி அலைகளைத் தடுப்பதால் கைப்பேசிக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் சிக்னல் குறையலாம். முன்கண்ணாடியில் அதை ஒட்டினால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகைக் கருவி படிக்காமல் போகவும் வாய்ப்புண்டு. கார்பனுக்கு இந்தத் தொல்லை இல்லை, நிறமும் எளிதில் வெளுக்காது. ஆனால் கார்பனில் கூடுதல் வெப்பத்தைத் தடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் கருமையும் கூடவே வரும். செராமிக்கில் உள்ள நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு விட்டுவிட்டு அகச்சிவப்புக் கதிரைப் பிடித்துக்கொள்வதால், ஏறத்தாழ நிறமே தெரியாத ஃபிலிமிலும் சூடு குறையும். செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த ஒரு குணத்துக்காகத்தான்.

சத்துவாச்சாரி இயற்பியல் ஆசிரியர்:

அந்த 95 விழுக்காட்டைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதிதான் அகச்சிவப்பு. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி, சிறு பங்கு புறஊதா. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இருக்கையில் பட்டவுடன் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே அகச்சிவப்பு முழுவதையும் தடுத்தாலும், வெளிச்சத்தை உள்ளே விடும் ஒரு ஃபிலிம் மொத்த வெப்பத்தில் 95 விழுக்காட்டைத் தடுக்கவே முடியாது. கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் அகச்சிவப்புக்கு மட்டுமான எண்ணாக இருக்கும். அதையும் சில நிறுவனங்கள் குறுகிய அலைநீளப் பகுதியில் மட்டும் அளந்து அச்சிடுகின்றன. நீங்கள் கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர். என்ற எண்ணை, அதாவது மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை. கதிரை உள்வாங்கிய கண்ணாடி தானே சூடேறி, அதில் ஒரு பங்கை உள்ளே விடுவதும் அந்தக் கணக்கில் சேரும். கடையில் விளக்கை எரியவிட்டுக் கையை நீட்டச் சொல்லும் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த விளக்கின் கதிர் பெரும்பாலும் அகச்சிவப்பு என்பதால் செராமிக் அங்கே உண்மையைவிடச் சிறப்பாகத் தோன்றும்.

வாலாஜா வழக்கறிஞர்:

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பின்னர் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஃபிலிமுடன் கூடிய கண்ணாடியையும் தரத்துக்கு உட்பட்டு ஏற்றது. அதன் அடிப்படையில், விதித்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அது கேரளத் தீர்ப்பு என்பதால், ஒட்டுவதற்கு முன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. அந்த 50 விழுக்காடு கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவு. உங்கள் கண்ணாடியே 75 விழுக்காடு ஒளியைத்தான் விடுகிறது என்றால், 70 விழுக்காட்டு ஃபிலிம் (அதாவது 70 விழுக்காடு ஒளியை விடுவது) ஒட்டியதும் அது சுமார் 52 ஆகிவிடும். 50 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டினால் 38க்கும் கீழே இறங்கி விதியை மீறிவிடும்.

காட்பாடிக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. முன்கண்ணாடிக்கு என்ன செய்வது? எனக்கு வெயில் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது.

ஆற்காடு ஃபிட்டர்:

வழக்கறிஞர் ஐயா சொன்ன கணக்கின்படி, 75 விழுக்காட்டு முன்கண்ணாடியில் 90 விழுக்காட்டு ஃபிலிமை ஒட்டினாலே 70க்குக் கீழே போய்விடும். அதனால் முன்கண்ணாடியை விட்டுவிடுங்கள். அது இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது என்பதால் புறஊதாவை ஏற்கெனவே ஏறத்தாழ முழுவதும் தடுக்கிறது. நிறுத்தும்போது பளபளப்பான சன் ஷேடை விரித்து வையுங்கள். அம்மா உட்காரும் பின்பக்கக் கதவுகளுக்கும் ஓட்டுநர் பக்கத்துக்கும் 70 விழுக்காட்டு செராமிக் போதும். ஒட்டும் முன் உங்கள் கண்ணாடி எவ்வளவு ஒளியை விடுகிறது என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத கடையில் ஒட்டாதீர்கள். ஒட்டிய பின் சில நாள்கள் கண்ணாடியை இறக்க வேண்டாம். ஓரங்களில் தெரியும் நீர்ப்படலம் காயக் காயத் தானே மறைந்துவிடும்.