ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அணிக்கு ஏது குணம்?

கேள்வி: 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) வீரர்கள் விளம்பரம் போன்றவற்றில் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) வழியாகக் கல்லூரியும் மாறிக்கொள்கிறார்கள். இனி அணிப் பண்பாடு என்பதெல்லாம் சும்மா பேச்சுதானா?

பதில் 1: இந்தியானா பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். 2023-இல் 3 வெற்றி. அப்புறம் பயிற்சியாளராகக் கர்ட் சிக்னெட்டி வந்தார்; அவருடைய பழைய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணியிலிருந்து 13 பேர் கூடவே வந்தார்கள். 2024-இல் 11 வெற்றி. பண்பாட்டை மூட்டை கட்டி எடுத்துவந்த மாதிரி!

பதில் 2: ஜெயித்தால் பண்பாடு, தோற்றால் பணத்தாசை. அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்: சரி. ஆனால் நான் கவனிப்பது வேறு. பந்தை நழுவவிட்டவன் பெஞ்சுக்குத் திரும்பினால் பக்கத்தில் யார் போய் உட்காருகிறார்கள்? போன சனிக்கிழமை பார்த்த ஆட்டத்தில் ஒருத்தரும் போகவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான்.