ஒற்றைப் பல்லும் வத்தாளங்கிழங்கும்

குழு: அம்மம்மாவின் ஆட்கள்
சனிக்கிழமை, ஜூலை 5

தர்ஷினி (7.48): பயப்பட வேண்டாம், அகரன் நன்றாக இருக்கிறான். அம்மாதான் என்னோடு பேசுவதில்லை. காலையில் வத்தாளங்கிழங்கை அவித்து, விரல் நீளத்துக்கு வெட்டி அவன் கையில் கொடுத்தேன். கடித்தான், முகம் சிவந்தது, ஓங்காளித்தான். அம்மா பாய்ந்து வந்து வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். அதற்குப் பிறகுதான் அவன் அழவே தொடங்கினான்.

அம்மா (7.51): பேசுவதில்லை என்று யார் சொன்னது? எட்டு மாதப் பிள்ளைக்கு ஒரேயொரு பல். அதுவும் முந்தாநாள்தான் எட்டிப் பார்த்தது. அந்தப் பல்லை நம்பி முழுக் கிழங்கைக் கையில் கொடுக்கிறாள். நான் உங்கள் இரண்டு பேரையும் மசித்து, குழைத்து, தீத்தித்தான் வளர்த்தேன்.

கீதன் (7.53): அதனால்தான் அம்மா குழைத்துத் தராத சோறு எனக்கு இன்றைக்கும் தொண்டையில் இறங்குவதில்லை.

சுதன் (7.54): முழுக் கிழங்கு இல்லை மாமி. கால் துண்டுகூட இருக்காது.

அம்மா (7.54): நீங்கள் அவளுக்குச் சாட்சியா தம்பி? நல்லது.

வசந்தி சித்தி (8.10): கோயிலிலிருந்து இப்போதுதான் வந்தேன். தர்ஷினி, அவன் இருமும்போது சத்தம் கேட்டதா?

தர்ஷினி (8.11): பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும் சித்தி.

வசந்தி சித்தி (8.16): அப்படியானால் அது ஓங்காளம், அடைப்பு இல்லை. இரண்டும் வேறு. பெரியவர்களுக்கு நாக்கின் பின்பகுதியில் ஏதாவது பட்டால்தான் ஓங்காளிக்கும். இந்த வயதில் அந்த இடம் நாக்கில் நன்றாக முன்னுக்கு இருக்கிறது. துண்டு கொஞ்சம் உள்ளே போனதுமே உடம்பு தானாகத் தள்ளிவிடும். முகம் சிவக்கும், கண் கலங்கும், இருமும், துப்பும். பார்க்கிறவர்களுக்குத்தான் உயிர் போய்வரும். அடைப்பு என்றால் சத்தமே இருக்காது. இருமவும் முடியாது, அழவும் முடியாது, உதடு நீலமாகும்.

வசந்தி சித்தி (8.17): அக்கா, கோபிக்காதீர்கள். விரலை விட்டுத் துழாவியதுதான் பிழை. கண்ணுக்குத் தெரியாத துண்டு இன்னும் உள்ளே போய்விடும்.

அம்மா (8.19): கண் முன்னால் பிள்ளை சிவந்துபோனால் கை சும்மா இருக்குமா வசந்தி?

வசந்தி சித்தி (8.20): இருக்காதுதான். 31 வருடம் குழந்தைகள் வார்டில் தாதியாக நின்ற நானே, என் பேரன் முதல்முறை ஓங்காளித்தபோது கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு எழுந்தேன்.

சுதன் (8.21): உண்மையாகவே அடைத்துவிட்டால் என்ன செய்வது சித்தி? அதையும் சொல்லிவிடுங்கள்.

வசந்தி சித்தி (8.27): ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தலையைத் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறி. வயிற்றை அழுத்தவே கூடாது. அதே நேரம் மற்றவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும். எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சுதன் (8.40): ஒட்டிவிட்டேன். மாமி கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

பெரியம்மா, கொக்குவில் (9.02): இதற்கெல்லாம் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்துக் கொடுங்கள், வாயில் வைத்ததும் கரைந்துவிடும். ரஸ்க்கை வேண்டாம் என்றால் கொஞ்சம் தேன் தொட்டுக் கொடுங்கள். கீதன் எட்டு மாதத்தில் இங்கே வந்து நின்றபோது பனங்கொட்டை சூப்பினவன்.

கீதன் (9.03): பெரியம்மா, அந்தக் கதையை என் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

வசந்தி சித்தி (9.09): பெரியக்கா, தேன் ஒரு வயது வரைக்கும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சு சுரக்கும். காய்ச்சினாலும் அவை சாவதில்லை. தேநீரும் வேண்டாம், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஆனால் பனங்கொட்டை நல்ல யோசனைதான்!

பெரியம்மா, கொக்குவில் (9.10): பார்த்தீர்களா.

வசந்தி சித்தி (9.12): விழுங்க முடியாத அளவுக்குப் பெரியது, கையில் பிடிக்கலாம், பல் முரசுக்கும் வேலை. இப்போது பழம் விழும் காலம் இல்லை. மாங்கொட்டையும் அதே வேலையைச் செய்யும். சதையை வழித்துவிட்டு, தும்போடு கொடுங்கள். பல் கூடினால் தும்பும் சதையும் பிய்ந்து வரும். அதனால் யாராவது முன்னால் இருந்து பார்க்க வேண்டும்.

தர்ஷினி (9.20): கிளினிக்கில் மிஸ் 180 நாளில் மசித்த சாப்பாடு தொடங்கச் சொன்னார். எட்டு மாதமானால் கையில் கொடுக்கலாம் என்றும் சொன்னார். எதை, எந்த அளவில் என்று கேட்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். அம்மாதான் கொடுக்கப்போகிறார். அவருக்கும் சரி என்று படவேண்டும்.

வசந்தி சித்தி (9.31): பெயரைப் பார்க்காதே, பதத்தைப் பார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்து. நசிந்தால் கொடு. அவன் முரசும் அதைத்தான் செய்யப்போகிறது. அவித்த கரட் நசியும், பச்சைக் கரட் நசியாது. பச்சை அப்பிளும் அப்படித்தான். இப்போது அவன் எதையும் பொத்திப் பிடிக்கிறான், இல்லையா? அதனால் துண்டு அவன் பொத்திய கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், உன் விரல் நீளம் சரி. ஒன்பது மாதமளவில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்குவான். அப்போது சின்னச் சின்னதாகக் கொடுக்கலாம்.

அம்மா (9.34): பூசணிக்காய் நசியும். போஞ்சியும் நன்றாக அவிந்தால் நசியும். இடியப்பம்?

வசந்தி சித்தி (9.36): மிகவும் நல்லது அக்கா. உப்பில்லாத சொதியில் ஊறவைத்து, கத்தரிக்கோலால் வெட்டி முன்னால் போடுங்கள். பிட்டு வேண்டாம், உதிரி உதிரியாகப் புரையேறும்.

வசந்தி சித்தி (9.41): கிழங்கும் பழமும் மட்டும் போதாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கும். கோழி ஈரல், மீன், கெட்டிப் பருப்பு, முட்டை எல்லாம் வரட்டும். முட்டையை இரண்டு பக்கமும் நன்றாகப் பொரித்துக் கீலம் கீலமாக வெட்டுங்கள். புதிய சாப்பாட்டைக் காலையில் கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. தடிப்போ வாந்தியோ வந்தால் பகலில் டொக்டரிடம் போகலாம்.

சுதன் (9.44): மீன் என்றால் தலபத்து வாங்கவா? முள் இல்லை.

வசந்தி சித்தி (9.46): எல்லோரும் அப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள். மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். சின்ன மீனாக வாங்கி, உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்து முள்ளை எடுங்கள். அதற்கு மாமியின் விரலைவிட நல்ல கருவி இல்லை.

தர்ஷினி (9.50): கச்சான்? ஒவ்வாமை வரும் என்று மூன்று வயது வரை பக்கத்திலேயே விடக் கூடாதாமே.

வசந்தி சித்தி (9.55): முன்பு நாங்களும் அப்படித்தான் சொன்னோம். 2015இல் லண்டனில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்து அதைப் புரட்டிப்போட்டது. கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கச்சான் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை ஏறக்குறைய 80 வீதம் குறைவாக இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அகரனுக்கு அது ஒன்றும் இல்லை. அரைத்த விழுதைக் கஞ்சியில் கரைத்துக் கொடு. முழுக் கச்சான் ஐந்து வயது வரை வேண்டாம்.

கீதன் (10.38): வெள்ளவத்தைச் சந்தையில் நிற்கிறேன். வத்தாளங்கிழங்கு, பூசணி, பப்பாசி, இதரை வாழைப்பழம் வாங்கிவிட்டேன். மருமகனுக்கு என் பரிசு: மல்வானை ரம்புட்டான் 50! தோலை உரித்துக் கையில் கொடுத்தால் சப்பிக்கொண்டிருப்பான்.

வசந்தி சித்தி (10.38): கீதன், வேண்டாம்.

வசந்தி சித்தி (10.39): அந்தப் பழம் வீட்டுக்குள் வந்தால் மேசையில் வைக்காதே. வழுக்கும், உருண்டை, நடுவில் விதை. சின்னத் தொண்டையை மூடுவதற்கென்றே செய்த அளவு. ரம்புட்டான் காலம் தொடங்கினால் வார்டில் எங்களுக்கு ஒவ்வொரு பின்னேரமும் நெஞ்சு பதைக்கும். ஒரு தகப்பன் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு படியேறி ஓடிவந்தார். அவர் கையில் மற்றப் பாதிப் பழம் அப்படியே இருந்தது. பிள்ளை பிழைத்தது. அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திராட்சைப்பழமும் முழுசாக வேண்டாம், நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும்.

கீதன் (10.45): சரி சித்தி. 50ஐயும் நான் கார் நிறுத்துமிடத்திலேயே தின்றுவிட்டு வருகிறேன்.

பெரியம்மா, கொக்குவில் (11.15): அது இருக்கட்டும். பல் வந்தாயிற்று, பிள்ளையின் தலையில் கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டை எப்போது? 17ஆம் திகதி ஆடிப்பிறப்பு. அன்றைக்கே வைத்தால் கூழோடு ஒரே செலவு.

அம்மா (11.17): நானும் அதைத்தான் நினைத்தேன் அக்கா. ஆனால் கொழுக்கட்டையில் பல்லுப் போலத் தேங்காய்ச் சொட்டுக் குத்துவோமே. தலையில் கொட்டியதும் இவன் ஒன்றைப் பொறுக்கி வாயில் வைப்பான். சொட்டு நசியாது.

வசந்தி சித்தி (11.18): அக்கா!! நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அம்மா (11.20): நசிந்தால் கொடு என்பதையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறதே. தலையில் கொட்டுகிற நாலைந்துக்குச் சொட்டுக் குத்தாமல் விடலாம். அவன் கைக்கு வெறும் மாவை மெல்லியதாகத் தட்டி அவிப்பேன். சர்க்கரையும் போடமாட்டேன், சண்டைக்கு வராதீர்கள்.

தர்ஷினி (11.21): அம்மா, மாவு ஒட்டிப்பிடிக்குமே?

அம்மா (11.23): ஒட்டினால் கொடுக்கமாட்டேன். முதலில் என் அண்ணத்தில் வைத்துப் பார்ப்பேன்.

திங்கட்கிழமை, ஜூலை 7

தர்ஷினி (12.35): அம்மா, சாப்பிட்டானா?

தர்ஷினி (12.52): அம்மா?

அம்மா (1.10): கையில் மீன், எப்படி எழுதுவது? இடியப்பம் சாப்பிட்டான். பாதி தலையில், கால்வாசி நிலத்தில், மிச்சம் வயிற்றில். ஒருதரம் ஓங்காளித்தான். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பத்து வரை எண்ணினேன். ஆறில் துப்பிவிட்டான்.

வசந்தி சித்தி (1.12): அக்கா, உங்களுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

அம்மா (1.30): இப்போது கறுத்தக்கொழும்பான் கொட்டையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடமாக இருக்கிறான். மூன்று தரம் வழுக்கி விழுந்தது, மூன்று தரமும் கழுவிக் கொடுத்தேன். சட்டைதான் போய்விட்டது. மாம்பழக் கறை தேசிக்காய் போட்டாலும் போகாது. இந்த வெள்ளைச் சட்டையை யார் வாங்கிக் கொடுத்தது?

கீதன் (1.31): நான்தான் அம்மா. 2,800 ரூபாய்.

அம்மா (1.31): அப்படியானால் பரவாயில்லை.